இளைத்த உடம்பும் பெருத்த உடம்பும்

மலாக்காவில் ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் உட்காருங்கள். பல வருடங்களாகப் பார்க்காத சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டதும் முதலில் பேசுவது உடம்பைப் பற்றித்தான். "என்னம்மா இப்படித் துரும்பா இளைச்சுப் போயிட்டே, சாப்பிடுறதில்லையா?" என்பார் பெரியம்மா. இன்னொருத்தியைப் பார்த்து, "நல்லா சதை பிடிச்சிருக்கே, மாப்பிள்ளை நல்லா வச்சிருக்காரு போல" என்பார். முன்னது அனுதாபம், பின்னது பாராட்டு. சொல்பவர் மனத்தில் கள்ளமில்லை.

அதே சதை பிடித்த பெண் மறுவாரம் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறாள். அங்கே தராசில் ஏற்றுகிறார்கள், இடுப்பை அளக்கிறார்கள், எடையைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடம் போகும் மகள் தொலைபேசியில் பார்த்த மெல்லிடைப் பெண்களைப் போலாக வேண்டுமென்று இரவுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போகிறாள். பெரியம்மா சொல்வதைக் கேட்பதா, கிளினிக் சொல்வதைக் கேட்பதா? இருக்கிற உடம்பை இருக்கிறபடி ஏற்பதா, பட்டினி கிடந்து அதை மாற்றுவதா? இது மருத்துவர் பேச வேண்டிய விஷயம்தான். என்றாலும் இதற்குள்ளே ஒரு நூறு வருடத்துத் தோட்டச் சரித்திரம் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்காமல் பெரியம்மாவின் சொல்லும் விளங்காது, கிளினிக்கின் எச்சரிக்கையும் விளங்காது.

மலாயாவில் இரப்பரை முதன்முதலாக வாணிபத்துக்கென்று பயிரிட்ட இடம் நம் மலாக்காதான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. உலகத்தில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, இரப்பர் விலை ஏற ஏற, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தனர். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களது உடம்பைப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். மண்வெட்டி பிடிக்கிற கையா, காடு அழிக்கத் தாங்கும் தோளா என்பதே கேள்வி. ஊரிலே பஞ்சத்தில் அடிபட்டு, இங்கே மலேரியாக் காய்ச்சலிலும் கொக்கிப் புழுவிலும் இரத்தம் வற்றிப் போனவர்களுக்கு, உடம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் சதைதான் கையிருப்பு. அது கரைந்தால் வேலை போகும், வேலை போனால் சம்பளம் போகும். பலருக்கு உயிரே போயிற்று.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்நாளில் பெரிபெரி என்ற நோய் மலாயாவை ஆட்டிப் படைத்தது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதற்கு ஆயிரக்கணக்கில் பலியானார்கள். தோட்டத்துத் தமிழர்களை மட்டும் அது அதிகம் தீண்டவில்லை. பக்கத்து நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியைத் தின்றார்கள். தமிழர்கள் புழுங்கலரிசியைத் தின்றார்கள். கோளாறு அரிசியிலேதான் இருக்கிறது என்று அவர் 1907இல் புத்தகமே எழுதினார். அதே ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்து டூரியான் தீப்புஸில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாக்காரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசி தின்றவர்களிடம்தான் நோய் கண்டது. அரிசிகளை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டின் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் விளங்கிற்று. அந்தச் சத்துக்கு இன்று வைட்டமின் பி1 என்று பெயர். நம் பாட்டிமார் யாரும் ஆராய்ச்சி செய்து புழுங்கலரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழக்கம் காப்பாற்றியது. ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதோடு எதைச் சாப்பிடுகிறான் என்பதும் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் தோட்டப்புறமும் ஒன்று.

பிறகு அரசாங்கமே ஒரு தொழிலாளியின் வயிற்றைக் கணக்குப் போடத் தொடங்கியது. ஒரு மாதத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, மிளகாய், உப்பு, தேங்காயெண்ணெய் என்று பட்டியல் எழுதி, அதன் விலையைக் கூட்டி, அதன்மேல் சம்பளத்தை நிர்ணயித்தார்கள். 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஆயிற்று. 1930இல் உலகமெங்கும் வாணிபம் சரிந்து இரப்பர் விலை விழுந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. இரண்டு கணக்கிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நாலு பங்குதான். காலையில் அவனோடு பெரட்டுக்கு நின்று, அவனைப்போலவே மரம் சீவி, வீட்டுக்கு வந்து அடுப்பையும் மூட்டுகிற பெண்ணுக்குப் பசி மட்டும் ஐந்தில் நாலு பங்கு என்று எந்தப் பட்டியல் சொல்லிற்றோ தெரியவில்லை. லயத்து வீட்டில் நடந்ததோ அதைவிட மோசம். புருஷனும் பிள்ளைகளும் தின்று மிஞ்சியதைச் சட்டியோடு வழித்துத் தின்றவள் அவள்தான்.

அதற்கு மேலே வந்தது ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை அரிசி என்பது கனவாயிற்று. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மூன்று வேளைச் சாப்பாடாயின. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். யுத்தம் முடிந்த பின்னும் அரிசிக்குப் பங்கீட்டு முறை இருந்தது.

இப்போது அந்தப் பெரியம்மாவை நினைத்துப் பாருங்கள். அவரை வளர்த்தவர்கள் அந்தக் கிழங்குக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள். அவர்களிடம் ஒட்டி உலர்ந்த கன்னம் என்றால் காய்ச்சல், காசம், பட்டினி, குடிகாரப் புருஷன். பூசினாற்போன்ற உடம்பு என்றால் நிம்மதி, வேளைக்குச் சோறு. நம் பேச்சு வழக்கிலே மெலிந்தவனை ஏசத்தான் எத்தனை சொற்கள்! நோஞ்சான், ஒல்லிக்குச்சி, பஞ்சத்தில் அடிபட்டவன், காற்றடித்தால் பறப்பவன். அந்தக் காலத்துத் தமிழ்ப்படக் கதாநாயகிகள் கன்னம் கொழித்து நின்றதும் இதே காரணத்தால்தான். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பசியை நேரில் பார்த்தவர்களின் அறிவு அது.

உடம்பு மாறியதற்கு முன்னால் வேலை மாறிவிட்டது. பால்வெட்டுக்காரியின் நாளை நினைவிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு நூற்றுக்கணக்கான மரங்கள், மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையும், குனிந்தும் நிமிர்ந்தும் சீவல். அப்புறம் பாலெடுத்து, வாளிகளைத் தோளில் காண்டாக்கட்டி, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி ஸ்டோருக்குச் சுமந்து போக வேண்டும். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறும் இனிப்பான கோப்பியும் போதாது. 1970களில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தடையற்ற வாணிப வட்டாரங்கள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள். அங்கே வேலை முக்காலியில் உட்கார்ந்தோ, ஒரே இடத்தில் நின்றோ. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலமாகியும் போனதில் லயங்கள் மறைந்து தாமான் வீடுகள் வந்தன. நடை குறைந்தது. தட்டில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அதோடு டின்பால் தேநீர், ரொட்டி சானாய், பொரித்த கோழி, பிள்ளைகளுக்குச் சாயம் போட்ட இனிப்புத் தண்ணீர் எல்லாம் கூடச் சேர்ந்துகொண்டன.

இங்கே நாம் உடம்பைத் தேற்றப் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில் வெள்ளைக்காரன் தன் ஊரில் உடம்பைக் குறைக்கப் போராடிக்கொண்டிருந்தான் என்பது வேடிக்கையான சேதி. இலண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர். பிணப்பெட்டி செய்து சவ அடக்கம் நடத்தும் தொழில். குனிந்து தன் காலணி வாரைக் கட்ட முடியவில்லை, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்ற நிலை. மருத்துவர் ஒருவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் இவற்றை நிறுத்தச் சொன்னார். 202 இராத்தல் இருந்தவர் ஒரு வருடத்தில் 46 இராத்தல் குறைந்தார். 1863இல் அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். அது எங்கும் பரவி, உணவைக் குறைத்து இளைப்பதற்கே 'பான்டிங்' என்று பெயர் வந்தது.

எடைக்கு ஓர் அளவுகோல் பிறந்த கதை இன்னும் விசித்திரமானது. 1830களில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெத்தலே, சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று அறிவதற்காக எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். அவர் மருத்துவரல்லர், யாருடைய கொழுப்பையும் குறைக்க அவர் எண்ணவில்லை. பிறகு அமெரிக்க ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகள் யார் சீக்கிரம் சாவார் என்று கணக்குப் பார்க்க எடைப் பட்டியல் போட்டன. 1972இல் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் கெத்தலேயின் வகுத்தலுக்கு 'உடல் நிறைக் குறியீடு' என்று பெயரிட்டார்கள். கிளினிக் அட்டையில் இன்று எழுதப்படும் எண் அதுதான். ஆட்களைக் கூட்டமாக எண்ணப் பிறந்த கணக்கு அது. ஒரு தனிப்பெண்ணின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது இடுப்பில் இருக்கிறதா தொடையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அவள் நல்லவளா, சோம்பேறியா என்பது அறவே தெரியாது. இதைச் சொல்லக் காரணம், அந்த எண்ணைக் கேட்டுவிட்டு ஏதோ திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் போலத் தலை குனிந்து வெளியே வரும் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள்.

இந்த ஆன்சல் கீஸ் செய்த இன்னொரு காரியம் இளைக்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. யுத்தத்தால் ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் 36 வாலிபர்களை வேண்டுமென்றே அரைப்பட்டினி போட்டார். அவர்கள் போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராமல், அதற்குப் பதிலாக இந்தச் சேவைக்கு மனமுவந்து வந்தவர்கள். 1945 பிப்ரவரி 12ஆம் தேதி தொடங்கி 24 வாரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி உணவு. அந்நேரம் நம்மவர்கள் இங்கே ஜப்பான்காரன் கீழே கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எடைபோட்டுக் குறிப்பெழுதவில்லை. மினசோட்டா வாலிபர்கள் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். அதோடு போகவில்லை. பகலிரவாகச் சோற்று நினைவு. சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், மனம் சோர்ந்தார்கள். பட்டினி முடிந்து உணவு கொடுத்தபோது அடங்காமல் தின்றார்கள். பலருக்கு முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடிவிட்டது.

கவனியுங்கள், 1,570 கலோரி என்பது இன்று பல 'டயட்' பட்டியல்கள் சொல்லும் அளவைவிட அதிகம். திங்கட்கிழமை சோற்றை விட்டு, வியாழக்கிழமை மயங்கி, சனிக்கிழமை கல்யாண விருந்தில் இரண்டு பங்கு தின்கிற பெண் மன உறுதி இல்லாதவள் என்று ஏசப்படுகிறாள். பட்டினி போட்டால் எந்த உடம்பும் அப்படித்தான் திருப்பி அடிக்கும், அவளிடம் குறையில்லை.

இந்த அவமானத்துக்கு எதிராக அமெரிக்காவில் 1969இல் பருத்த உடம்புள்ளவர்களே ஒரு சங்கம் வைத்தார்கள். பருமனுக்காக வேலை மறுக்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பெண் பார்க்கும்போதும், பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைக்கும்போதும் நம்மிடையே நடக்கிற கொடுமை கொஞ்சமா? ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சரியாக வருகிற எல்லாம் நம் உடம்புக்கு அப்படியே வந்துவிடாது. இந்த இடத்தில்தான் சங்கடம் தொடங்குகிறது.

புனே நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் மருத்துவர் யாக்னிக் என்பவரும் குழுவினரும் பிறந்த குழந்தைகளை அளந்து 2003இல் வெளியிட்டார்கள். அங்கே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைக்குத் தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தாய்க்கு மெலிந்து பிறக்கும் பிள்ளை, கொழுப்பை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு பிறக்கிறது. பஞ்ச காலத்துக்கு ஏற்ற உடம்பு. அதற்குப் பிறகு சோறும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால், வெள்ளைக்காரனுக்கு நோய் வராத எடையிலேயே நமக்கு இனிப்புநீர் வந்துவிடுகிறது. இதனால்தான் 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்கள் குறியீடு 23இலிருந்தே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று சொல்லிற்று. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முன்னது ஏறக்குறைய 53 கிலோ, பின்னது 63 அல்லது 64 கிலோ. பாட்டி பட்ட பட்டினிக்கு வட்டியைப் பேத்தி கட்டுகிறாள் என்று சொல்லத் தோன்றுகிறது.

2019இல் நாட்டின் சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் பாதிப்பேர் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள் என்று கண்டது. நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர். இந்தியரை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். கால் எடுக்கப்பட்ட தகப்பனும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிற தாயும் இல்லாத சொந்தம் நம்மில் அபூர்வம். இதைத் தெரிந்துகொண்டு, உடம்பு எப்படியிருந்தாலும் போகட்டும் என்று சும்மா இருக்க முடியாது.

இந்தப் பயத்தில்தான் வியாபாரி நுழைகிறான். இளைக்க வைக்கும் கோப்பி, குளிகை, பானம் என்று விற்கிறான். இவற்றில் பலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டும் என்று 2010இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. கோப்பி என்று வாங்கினால் கோப்பி மட்டும் இருக்கிறதென்று நம்பக்கூடாத காலம்.

விரதம் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். செங்கில் உள்ள சன்னாசிமலைக்கு மாசி மகத்தில் காவடி எடுப்பவர்கள் விரதமிருக்கத் தெரியாதவர்களா? ஆனால் விரதத்துக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அது மனத்துக்காக இருப்பது, தராசுக்காக இருப்பதன்று. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம், முன் உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண் என்றுதான் சொல்கிறது; உண்ணாதே என்று சொல்லவில்லை. இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் விரதம் பிடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரும்.

அப்படியானால் என்னதான் வழி? இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்லி முடிக்கிறேன். 2002இல் அமெரிக்காவில், இனிப்புநீர் வரும் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்துப் பார்த்தார்கள். எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் பயிற்சி பெற்றவர்களிடம் நோய் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு ஏழு பங்கு என்றால் ஐந்து கிலோதான். சினிமா நடிகை இடுப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

மற்றது நமக்கு இன்னும் நெருக்கம். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும் 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்டது. தினம் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார்கள். சீனியையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள். மூன்று வருடத்தில், எந்த யோசனையும் பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு இனிப்புநீர் வந்தது. யோசனை பெற்றவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால் அவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவேயில்லை. நடக்கிறபோது காலின் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்த நன்மை தராசில் தெரியாவிட்டாலும் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு மாதம் நடந்தும் ஒரு கிலோ இறங்கவில்லையே என்று நடையை விட்டுவிடுகிறவர்கள், விடுவதற்கு முன்னால் ஒருமுறை கிளினிக்கில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லலாம். ஓர் அளவு நாடாவை எடுத்து இடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது ஆசியருக்குச் சொல்லும் எல்லை. மாலையில் தேநீருக்குப் போடும் டின்பாலை ஒரு கரண்டியாகக் குறைப்பதற்கும், புழுங்கலரிசிச் சோற்றை ஓர் அகப்பை குறைத்துக் கீரையை ஓர் அகப்பை கூட்டுவதற்கும் எந்தக் கடையிலும் எதையும் வாங்க வேண்டியதில்லை.